முக்காடு ஸ்டாப்பிங்

எலியேசர் சைக்கிளை விட்டு இறங்கமாட்டார். இடது காலை மதகின் கட்டைச்சுவரில் ஊன்றிக்கொள்வார். வலது கால் பெடலிலேயே இருக்கும். ஹாண்டில் பாரில் தொங்கும் பைக்குள் ஹாஸ்டலுக்கு வாங்கிய கொத்தமல்லி வாடிக்கொண்டிருக்கும். ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டுப் பக்கம் போகும் லாரிகள் குறுக்கே வந்து மறைக்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். லாரி போனதும், எதிர்ப்புறத்தில் அவன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருப்பான்.

அவன் சிமென்ட்டால் ஆன சிப்பாய். சிட்லபாக்கம் ஏரிக்கரைக்குத் திரும்புகிற முனையில், இடுப்பளவு பீடத்தின்மேல், ஆளைவிட ஒரு முழம் கூடுதலாக நின்றான். வலது கையில் துப்பாக்கி. பச்சைப் பெயின்ட் அடித்த சட்டை, கறுப்புப் பூட்ஸ். கழுத்துக்குமேல் மட்டும் ஒரு சணல் சாக்கு. தலையையும் முகத்தையும் சேர்த்து மூடி, கழுத்தில் கயிறு சுற்றிக் கட்டியிருந்தது. எழுபத்து மூன்றாம் வருஷத்துக் கோடையிலிருந்து அவன் அப்படித்தான் நின்றான்.

"யாரைப்பா தூக்குல போடப் போறாங்க?" என்று வழியோடு போகிறவர்கள் கேட்டார்கள். பஸ் கண்டக்டர்கள் அந்த இடத்துக்கு ஏற்கெனவே இருந்த பெயரை மறந்தே போனார்கள். "முக்காடுலாம் எறங்கு! முக்காடு, முக்காடு!" என்று விசில் கொடுத்தார்கள். சிட்லபாக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்த குமாஸ்தாக்கள்கூட, விலாசம் சொல்லும்போது முதலில் கொஞ்சம் தயங்கிவிட்டு, பிறகு முக்காடு ஸ்டாப்பிங் என்றே சொல்லப் பழகிக்கொண்டார்கள். எலியேசர் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. முனை என்பார்.

ஐம்பதைத் தாண்டிய ஆள். குள்ளம். அடுப்பு வெக்கையில் முன்னங்கை மயிரெல்லாம் பொசுங்கி, முழங்கைக்குக் கீழே தோல் பளபளவென்றிருக்கும். வேலை நாட்களில் காக்கி அரைக்கால் சட்டை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வெள்ளை வேட்டி. பிரசங்கம் நீண்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. எங்கோ ஏதோ அடிப்பிடிக்கிறது என்பதுபோல மூக்கைச் சுருக்குவார். பல்லாவரத்தில் பிறந்தவர். வாலிபத்தில் ராணுவத்தில் சமையல்காரராகச் சேர்ந்து, அறுபத்தெட்டில் திரும்பிவந்து, தாம்பரத்தில் ஒரு கல்லூரி ஹாஸ்டலின் சமையற்கட்டுக்குள் நுழைந்தார். ராணுவத்தில் சமையற்கட்டுக்கு லங்கர் என்று பெயர். ஹாஸ்டல் சமையற்கட்டையும் அவர் அப்படித்தான் சொல்வார். பையன்கள் அவரை மிலிட்டரி அண்ணா என்பார்கள்.

"மிலிட்டரி அண்ணா, சாம்பார்ல பருப்பையே காணோம்."

"பருப்பு லீவுல போயிருக்குது. வர்ற வாரம் டூட்டிக்கு வந்துடும். நீ குந்து."

"இந்த சாம்பாரப் பாத்துத்தான் எதிரி ஓடினானா அண்ணா?"

"அவனுக்கு எதுக்குடா என் சாம்பாரு? நம்ம ஆளுங்களுக்கே பத்தல."

ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு விளையாட முடியாது. சாப்பிடாமல் யாரும் ஹாஸ்டல் கேட்டைத் தாண்டக்கூடாது. பரீட்சைக்கென்று முதல் எலெக்ட்ரிக் ரயிலுக்கு ஓடுகிறவன், ஊருக்குப் போக விடியற்காலை பஸ் பிடிக்கிறவன், யாரோ ஒருத்தியின் பதில் வராமல் பட்டினி கிடக்கிறவன், எவனாக இருந்தாலும் கேட்டருகே எலியேசர் நிற்பார். கையில் வாழையிலைப் பொட்டலம் இருக்கும்.

"லேட்டாயிடுச்சு அண்ணா."

"ரயிலு எங்கயும் பூடாது. இத்த வாங்கிக்கினு ஓடு."

வாங்காமல் ஓடிய ஒரு பி.எஸ்ஸி. மாணவனைச் சைக்கிளில் துரத்திப்போய், நகரத் தொடங்கிய ரயிலின் ஜன்னல் வழியாகப் பொட்டலத்தை வீசியிருக்கிறார். அது வேறொருவர் மடியில் விழுந்தது. அந்த மனிதர் எழும்பூர் வருகிற வரைக்கும் சாப்பிட்டுக்கொண்டே வந்ததாகப் பையன் சொன்னான். எலியேசர் வருத்தப்படவில்லை. "அந்தாளும் பசியாத்தான் ஏறியிருப்பாரு" என்றார்.

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம் பக்கத்தில் குடியிருக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கு ஒரு சங்கம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வாசகசாலையின் பின்னறையில் கூடுவார்கள். தலைவர் கஸ்தூரிரங்கன், சுபேதாராக ஓய்வு பெற்றவர். இப்போது ரோஜாச் செடிகளுக்குக் கட்டளையிட்டுக்கொண்டிருப்பவர். செயலாளர் சாலமோன், விமானப்படையில் சார்ஜென்ட்டாக இருந்தவர். சர்ச் கமிட்டியிலும் அவர்தான் செயலாளர். எலியேசரும் உறுப்பினர்தான். ஆனால் நாற்காலியில் உட்காரமாட்டார். கெட்டிலோடு சுவரோரம் நிற்பார்.

"உட்காருய்யா எலியேசர். நீயும் மெம்பர்தானே?" என்பார் கஸ்தூரிரங்கன்.

"டீ ஆறிப்பூடும் சார்."

"வேற யாராவது ஊத்தட்டும்."

"அவங்கல்லாம் சண்ட போட்டவங்க சார்."

இதை அவர் குறையாகச் சொல்வதில்லை. ராணுவம் அவரைச் சண்டை போடாதவர்கள் வகையில் எழுதி வைத்திருந்தது. அது சரிதான் என்று அவரும் ஒப்புக்கொண்டிருந்தார். துப்பாக்கியை அவர் தொட்டதெல்லாம், சாப்பிட உட்கார்ந்தவன் மண்ணில் சாய்த்து வைத்ததை எடுத்து மரத்தில் சாத்துவதற்குத்தான்.

எழுபத்தோராம் வருஷத்துப் போர் முடிந்ததும் முனையில் ஒரு சிப்பாய் சிலை வைக்க வேண்டுமென்று சங்கம் தீர்மானித்தது. பட்டணத்துச் சிற்பிகள் தேதி சொல்லவில்லை. ஏரிக்கரைப் பக்கம் ஒரு கோயிலில் கோபுர வேலை பார்த்துக்கொண்டிருந்த பொன்னுரங்கம்தான் கைக்கெட்டிய ஆள். செங்கல்லும் கம்பியும் சிமென்ட்டும் கொண்டு கோபுரத்துப் பொம்மைகளைச் செய்கிறவர். அதுவரை அவர் செய்த ஆண்களெல்லாம் ஒன்று தெய்வங்கள், இல்லாவிட்டால் துவாரபாலகர்கள். சிப்பாயும் அந்தக் கையிலிருந்துதான் வந்தான். தொடைகள் திரண்டிருந்தன. இடுப்பு லேசாக ஒடிந்திருந்தது. ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தான்.

"அட்டென்ஷன்ல நிக்கணும்யா! இவன் என்ன டான்ஸா ஆடறான்?" என்று கஸ்தூரிரங்கன் பதறினார்.

பொன்னுரங்கம் காலைக் கீழே இறக்கிக் கொடுத்தார். கோரைப்பல் வேண்டாமென்றதற்கும் ஒப்புக்கொண்டார். கண்ணில் மட்டும் அவர் இறங்கி வரவில்லை.

கோபுர வேலையில் கண்தான் கடைசி. அதைத் திறக்கிறபோது முதல் பார்வை விழும் இடத்தில் ஆட்கள் நிற்கக்கூடாது. நல்ல பொருளாக ஏதாவது அங்கே இருக்க வேண்டும். அதுவரை முகத்தை மூடித்தான் வைக்க வேண்டும். பொன்னுரங்கம் முகத்தை யாருக்கும் காட்டாமல் செய்து முடித்து, தானே ஒரு சாக்கைக் கொண்டுவந்து கட்டினார். "கண்ண தெறந்தவொடன எத்தப் பாக்குறானோ, அத்தத்தான் காலத்துக்கும் பாத்துக்கினு இருப்பான். வெறும் ரோட்டப் பாக்க வுடச் சொல்றியா?" என்றார்.

அப்படியென்றால் முறைப்படி ஐயரை அழைத்து ஹோமம் செய்து திறந்துவிடலாம் என்றார் கஸ்தூரிரங்கன். சாலமோன் எழுந்துவிட்டார்.

"சார், இது சாமி இல்லை. சோல்ஜர். சோல்ஜருக்கு எதுக்கு ஹோமம்? நம்ம மெம்பர்ஸ்ல பாதிப் பேர் சர்ச்சுக்குப் போறவங்க."

"அப்போ பாஸ்டரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணலாமா?"

"அதுவும் வேண்டாம்னுதான் சொல்றேன். பிரஷ்ஷை எடுத்து ரெண்டு புள்ளி வெச்சா வேலை முடிஞ்சுது."

"அந்த ரெண்டு புள்ளிய நீயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு, பொன்னுரங்கம் சட்டியையும் கரண்டியையும் கட்டிக்கொண்டு அடுத்த கோபுரத்துக்குப் போய்விட்டார். ஒருவர் செய்த முகத்தில் கண் வைக்க வேறு மேஸ்திரி எவரும் வரவில்லை. சாக்கு நிலைத்துவிட்டது.

ஐப்பசி மழையில் அது நனைந்து முகத்தோடு ஒட்டிக்கொண்டது. மூக்கு ஒன்று உள்ளே இருப்பது வெளியே தெரிந்தது. மூச்சு விடத் திணறுகிறவன்போல இருந்தான். அன்றைக்கு எலியேசர் மதகை விட்டு அசையவே இல்லை. வீட்டுக்குப் போனபோது சட்டையைப் பிழிந்து காயப்போட வேண்டியிருந்தது. அவர் மனைவி தபீதாள் மிஷன் பள்ளியில் தையல் டீச்சர். பேச்சில்கூட ஊசி வைத்திருப்பவள்.

"மார்க்கெட் இந்தப் பக்கம். நீங்க அந்தப் பக்கத்துலேருந்து நனைஞ்சுட்டு வர்றீங்க."

"மொளகா வெல கேக்கப் போனேன்."

"யார்கிட்ட? சாக்கு போட்டவன்கிட்டயா?"

அவர் தலையைத் துவட்டிக்கொண்டார்.

"தினமும் போறீங்க. ரோட்டைத் தாண்டிக் கிட்டப் போய்ப் பாக்கறதுதானே? கடிச்சா தின்னுடுவான்?"

"மூஞ்சி தெரியட்டும். அப்பால போறேன்."

"மூஞ்சி தெரிஞ்சா?"

"சொல்றதுக்குக் கொஞ்சம் கீது" என்றார்.

சொல்ல வேண்டியது என்னவென்று தபீதாளுக்குத் தெரியும். அறுபத்தைந்து செப்டம்பரில், மேற்கு எல்லையில் ஒரு கரும்புத் தோட்டத்தின் ஓரம் எலியேசரின் அடுப்பு இருந்தது. பிளட்டூனில் பெரும்பாலும் தெற்கத்திப் பையன்கள். நாள்கணக்காகச் சப்பாத்தி. "அண்ணா, சோறு" என்று தூக்கத்தில்கூடக் கேட்டார்கள். எலியேசர் சப்ளைக்காரரோடு மல்லுக்கு நின்று ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்தார். ராணுவத்தில் தான் போட்ட ஒரே சண்டை அதுதான் என்பார். விடிந்ததும் சோறும் புளிக்குழம்பும் என்று சொல்லிவைத்தார். பையன்கள் தட்டுகளைக் கழுவித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார்கள்.

சோறு வெந்துகொண்டிருக்கும்போதே புறப்படச் சொல்லி உத்தரவு வந்தது. பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வெளிச்சம் வரவில்லை. வலை போட்ட இரும்புத் தொப்பிக்குக் கீழே யார் யாரென்று தெரியவில்லை. அடுப்பைத் தாண்டும்போது ஒருவன் மட்டும் மூக்கை உறிஞ்சி, "வாசனை தூக்குதுண்ணா" என்றான். யார் குரல் என்று பிடிபடவில்லை. சாயங்காலம் அந்த இடத்துக்கு வேறொரு கம்பெனி வந்து சேர்ந்தது. அவர்களும் பசியோடு வந்தவர்கள். அந்தச் சோற்றை அவர்கள்தான் சாப்பிட்டார்கள். ஆறிப்போயும் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். எலியேசரால் இன்றைக்கும் அந்தப் பாராட்டைப் பொறுக்க முடியவில்லை. பையன்களில் பிழைத்தவர்கள் வேறு வழியாக ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். அடுப்புக்கு ஒருவனும் திரும்பவில்லை.

கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்குத் தபீதாள் ஒருமுறை அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். சுற்றி வந்து பார்த்தார். கடற்காற்றில் சட்டை படபடக்க வெகு நேரம் நின்றார். "நல்லாத்தான் கட்டிக்கீறாங்க. ஆனா ஆளு யாரும் இல்லியே" என்றார். முனையில் ஆள் ஒருவன் நின்றான். அதனால்தான் தினமும் போனார்.

டிசம்பர் மாதக் கூட்டத்தில் சாலமோன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஊர்க் கேலி அவரைத் துளைத்துக்கொண்டிருந்தது. அவருடைய மகளே பஸ்ஸில் ஏறியதும் "முக்காடு ஒரு டிக்கெட்" என்று கேட்டுவிட்டாள். குடியரசு தினத்துக்குள் கண் திறக்க வழி பிறக்காவிட்டால் சிலையை இடித்துவிட்டு, அந்தப் பீடத்திலேயே ஒரு கல்வெட்டு நட்டுவிடலாம் என்றார்.

"கல்வெட்டுக்குக் கண் கிடையாது. நிம்மதி" என்று கஸ்தூரிரங்கனும் தலையாட்டினார்.

ஒப்புக்கொள்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். எலியேசர் கை தூக்கவில்லை. இரண்டு கையிலும் டம்ளர் தட்டு இருந்ததால்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகு அவர் ஊற்றிய டீயில் சர்க்கரை இல்லை.

மறுநாள் ஹாஸ்டலில் லீவு சொன்னார். பொன்னுரங்கம் மாடம்பாக்கத்துக்கு அப்பால் ஓர் அம்மன் கோயிலில் வேலை செய்வதாக யாரோ சொல்லியிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் சைக்கிளில் போய்ச் சேர்ந்தார். பொன்னுரங்கம் கோபுரத்தின் நடுவில், சாரத்தில் குந்தியபடி, ஒரு யாளியின் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி! எறங்கி வா!"

"யாரு?"

"சாக்கு போட்டுக்கினு நிக்கறானே, அவன் ஆளு."

"ஐயரு கெடச்சாரா?"

"ஐயரும் இல்ல, பாஸ்டரும் இல்ல."

"அப்ப நானும் இல்ல." பொன்னுரங்கம் யாளியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எலியேசர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சாரத்தில் ஏறத் தொடங்கினார். "யோவ், செருப்பு! செருப்பு!" என்று பூசாரி கீழேயிருந்து கத்தினார். ஏறிய இடத்திலேயே நின்று செருப்புகளை உதறினார். ஒன்று பூசாரியின் பக்கத்தில் போய் விழுந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே போனார். யாளிக்கும் ஒரு பூதத்துக்கும் நடுவில் இடம் பார்த்து உட்கார்ந்து, மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். எலுமிச்சஞ்சோறு. பொன்னுரங்கம் சோற்றைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டார்.

"இடிக்கப் போறாங்க மேஸ்திரி."

பொன்னுரங்கம் மெல்லுவதை நிறுத்தினார். "எவன்?"

"எங்காளுங்கதான். தெறக்காத கண்ணுக்குச் செல எதுக்குன்றாங்க. நெசமா சொல்லு. ஐயரு கண்டிப்பா வோணுமா?"

"கோயிலுக்கு வோணும். எனக்கு வோண்டியது எதுத்தாப்புல ஒரு பொருளு. அவ்ளோதான்."

"இன்னா பொருளு?"

"பசுமாடு நிக்க வெப்பாங்க. கண்ணாடி வெப்பாங்க. நெல்லு குமிச்சு வெப்பாங்க. எங்க ஊருப் பக்கம் சோறு வெப்போம்."

"சோறா?"

"ஆக்கின சோறு. ஆவி பறக்கணும். ஆறின சோத்துல மொதப் பார்வ வுழக்கூடாது."

எலியேசர் குனிந்து பார்த்தார். கீழே வயலில் நாற்றுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

"ஆறாது. நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஜனவரிக் கூட்டத்துக்கு அவர் கெட்டில் இல்லாமல் வந்தார். காலியாக இருந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விளிம்பில்தான் உட்கார்ந்தார் என்றாலும், அறையிலிருந்த பேச்சு சட்டென்று நின்றது.

"டீ எங்கேய்யா?"

"இன்னிக்கு இல்ல சார். பேசணும்."

பேசினார். பொன்னுரங்கம் வருவார் என்றார். முதல் பார்வைக்குச் சோறு வைத்தால் போதும் என்றார். ஹோமமும் இல்லை, ஜெபமும் இல்லை. சாலமோன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எலியேசர், நீங்க நம்ம சர்ச் ஆளு. சோத்தை முன்னாடி வெச்சுக் கண் திறந்தா அது படையல் இல்லையா?"

"படையல் இல்ல சார். ரேஷன்."

யாரோ சிரித்தார்கள். சாலமோன் சிரிக்கவில்லை. யோசித்தார். ரேஷனுக்கு எதிராக விமானப்படையிலோ திருச்சபையிலோ ஒரு விதியும் அவர் நினைவுக்கு வரவில்லை.

"பொங்கறது யாரு?" என்று கேட்டார் கஸ்தூரிரங்கன்.

"நான்தான் சார். அதுக்குத்தானே சார் கவர்மெண்டு என்ன வெச்சிருந்துச்சு."

"கூட என்ன?"

"புளிக்கொழம்பு. எல்லாருக்கும் கீது."

இந்தத் தடவை கை தூக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாலமோன் மட்டும், சிலைக்கு மாலை போடக்கூடாது, சூடம் காட்டக்கூடாது என்று இரண்டு நிபந்தனைகள் சொன்னார். அவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள்.

குடியரசு தினத்துக்கு முந்தின நாள் விடியற்காலையில், தைப் பனி ரோட்டின்மேல் படிந்திருந்தபோது, ஒரு கைவண்டியில் ஹாஸ்டலில் சோறு வடிக்கும் பெரிய தேக்சாவை ஏற்றிக்கொண்டு எலியேசர் முனைக்கு வந்தார். மதகுப் பக்கம் வண்டி நிற்கவில்லை. நேராக ரோட்டைத் தாண்டிப் பீடத்தின் பக்கத்தில் கற்களைக் கூட்டி அடுப்பு மூட்டினார். சாக்குக்காரனை நிமிர்ந்து பார்க்கவில்லை. விறகு ஈரமாக இருந்தது. அவர் கவனமெல்லாம் அதில்தான் இருந்தது. உலை கொதித்தபோது சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் பழைய மெடல்களைக் குத்தியிருந்தார்கள். கஸ்தூரிரங்கனின் சட்டையில் பூச்சி மருந்து வாசனை வீசியது. தபீதாள் வாழையிலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பொன்னுரங்கம் ஏணியைச் சாத்தி ஏறினார். சாக்குக் கயிற்றை அறுத்தார். சாக்கு விழுந்தபோதும் முகத்தை அவர் முதுகு மறைத்தது.

"எதுத்தாப்புல யாரும் நிக்காத! ரெண்டு பக்கமும் ஒதுங்கு!"

எதிர்ப்புறம் என்பது ஜி.எஸ்.டி. ரோடு. கஸ்தூரிரங்கன் ரோட்டின் நடுவில் போய் நின்று இரு கைகளையும் விரித்தார். செங்கல்பட்டு பஸ் ஒன்று முனகிக்கொண்டு நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், முக்காட எடுத்துட்டீங்களா?"

"வாயை மூடிண்டு இரு. சாப்பிட்டுட்டுப் போகலாம்."

பயணிகள் இறங்கி ஓரமாக நின்றார்கள். தேக்சாவை இருவர் பிடித்து, சிப்பாய்க்கு நேர் எதிரே ஒரு முக்காலியின்மேல் வைத்தார்கள். கோபுரத்துப் பொம்மைகளுக்குக் கண் எப்போதும் கீழ்நோக்கித்தான் இருக்கும். கீழே நிற்கிறவர்களைப் பார்ப்பதற்காக. பார்வை சரியாக அங்கேதான் விழும் என்று பொன்னுரங்கம் சொல்லியிருந்தார். அப்போதுதான் சாலமோனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"மூடியை யார் எடுக்கறது? இப்பவே எடுத்தா இந்தப் பனியில ஆவி நிக்காது. கண்ணு திறக்கற நேரத்துக்கு எடுக்கணும். ஆனா எதிர்ல ஆள் நிக்கக்கூடாதே?"

"நிக்கக்கூடாது. மொதப் பார்வ ஆளுக்குத் தாங்காது" என்றார் பொன்னுரங்கம் மேலேயிருந்து, திரும்பிப் பார்க்காமல்.

"கயிறு கட்டிடலாம். மூடிப் பிடியில ஒரு முடிச்சு. சைடுல நின்னு இழுத்தா வந்துடும்." சாலமோன் அதற்குள் அறுந்த சாக்குக் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார்.

எலியேசர் தேக்சாவின் பின்னால் போய், சிப்பாயைப் பார்த்தபடி நின்றார்.

தபீதாள் அவர் சட்டையைப் பிடித்தாள். "வாங்க இந்தப் பக்கம். அவர்தான் கயிறு கட்டறேங்கறாரே."

"பரிமாற ஆளு இல்லாத சோறு இன்னாத்துக்கு தபீதா?"

அவள் சட்டையை விட்டாள். ஆனால் விலகிப் போகவில்லை. ஓர் எட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

ஏணியின்மேல் உளி சிமென்ட்டைச் சுரண்டும் ஓசை கேட்டது. மெல்லிய ஓசை. சிறிது நின்று, மறுபடி கேட்டது. பிறகு தூரிகையாக இருக்க வேண்டும், ஓசை இல்லை. பஸ்ஸுக்குள் ஒரு குழந்தை இருமியது. பொன்னுரங்கம் மூச்சை விட்டார்.

"ஆச்சு" என்று சொல்லி, ஏணியோடு பக்கவாட்டில் சாய்ந்து வழி விட்டார்.

துவாரபாலகன் முகமாகத்தான் இருக்குமென்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். கண்கள் அப்படித்தான் இருந்தன. அகலமாக, இமைக்காமல். ஆனால் முகம் இருபது வயதைத் தாண்டாத ஒரு பையனுடையது. மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. தொப்பி கொஞ்சம் பெரிதாக இருந்தது. அவன் கீழே பார்த்தான்.

எலியேசர் மூடியை எடுத்தார். வெண்மையாக ஆவி எழுந்து, அவர் முகத்தை மறைத்து, பனியோடு கலந்து மேலே போனது. ஆவி கலைந்தபோது அவர் தலையை நிமிர்த்தி அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். கரண்டி நிறையச் சோற்றை அள்ளி, தட்டு நீளட்டும் என்று காத்திருக்கிறவரைப்போல, அப்படியே ஏந்திப் பிடித்திருந்தார்.